துண்டுக்குள் கொடுத்த கை

1974-ஆம் வருடம் ஜனவரி மாதம் 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முற்பகல், மாஜிஸ்திரேட் முன்பாகச் சத்தியப் பிரமாணம் செய்து சொன்னது. சாட்சிக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தாலும் தமிழில் சொல்ல விரும்பியதால் தமிழிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் ராஜாராமன். தகப்பனார் பெயர் துரைசுவாமி, காலமாகிவிட்டார். வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் பாலக்காடு கல்பாத்தி. இப்போது வண்டன்மேட்டில், சிலுவைராஜ் என்பவருடைய ஏலக்காய்க் கிடங்குக்குப் பின்னால் உள்ள அறை ஒன்றில் இருக்கிறேன். மனைவி அகிலாண்டம் கல்பாத்தியில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். காரணம் இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று மாஜிஸ்திரேட் சொன்னதால் அதைச் சொல்லவில்லை. தொழில் என்ன என்று கேட்டபோது எழுத்து வேலை என்று சொன்னேன். மனு எழுதுவதும் பத்திர நகல் எழுதுவதும் உண்டு. ஆனால் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பதால் திருத்திச் சொல்கிறேன். கடந்த ஏழு வருடமாக என் தொழில் சீட்டாட்டம்.

நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்று மாஜிஸ்திரேட் எச்சரித்தார். தெரியும் என்றேன். சொல்லச் சொல்லி யாராவது பயமுறுத்தினார்களா, ஆசை காட்டினார்களா என்று கேட்டார். சொல்லாமல் இருக்கத்தான் ஆசை காட்டினார்கள் என்றேன்.

வழக்கு ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டத்தைப் பற்றியது. தோட்டம் ஆறுச்சாமி என்பவருடையது. அவர் சென்ற அக்டோபரில் அதைச் சிலுவைராஜுக்குக் கிரயம் செய்ததாக ஒரு பத்திரம் இருக்கிறது. விலைப் பணம் முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆறுச்சாமியும் போலீஸில் கேட்டபோது ஆமாம், பெற்றுக்கொண்டேன் என்றே சொல்லியிருக்கிறார். அவர் மனைவி பூவாத்தாள் மட்டும் இல்லை என்கிறாள். அந்தப் பத்திரத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டது நான். பணம் ஒரு காசுகூடக் கைமாறவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1958 முதல் 1966 வரை நான் மின்சார இலாகாவில் பில் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். முதல் இரண்டு வருடம் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம், அதன் பிறகு சித்திரபுரத்தில். சித்திரபுரத்தில் இருந்தபோது துரைமார் கிளப்புக்கு மீட்டர் பார்க்கப் போவேன். மழைக்காலத்தில் ஆட்டத்துக்கு ஆள் குறையும்போது என்னையும் உட்காரவைப்பார்கள். அங்கே கற்றுக்கொண்டதுதான் போக்கர் என்கிற ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு முறைப்படி பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம், முடியாதென்று தோன்றினால் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். கடைசிவரை இறங்காமல் நிற்பவர்கள் சீட்டைக் காட்ட வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய பந்தயம் வைத்து, நல்ல சீட்டு வைத்திருப்பவனை இறங்கவைப்பதுதான் அதில் பெரிய வித்தை. நாங்கள் அதை மிரட்டல் என்போம்.

வேலை போன பிறகு நான் வண்டன்மேட்டுக்கு வந்தேன். சிலுவைராஜ் ஏலக்காய்த் தரகர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவருக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய கிடங்கில் ஆட்டம் நடக்கும். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிடும். சாக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு கம்பளி. சிலுவைராஜுக்கு ஒவ்வொரு சீட்டையும் எடுக்கும்போது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்ளும் பழக்கம். வெற்றிலைச் சாறு படிந்து சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் முடிந்து நான் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். மறு ஞாயிறு மறுபடியும் அதே சீட்டைத் தொடுவேன். இப்படி ஏழு வருடம்.

இதில் என் பங்கு என்ன என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சீட்டில் நாங்கள் கள்ளம் செய்ததில்லை. அடையாளம் வைத்ததில்லை, மறைத்ததில்லை. ஆளைப் படிப்பதுதான் என் வேலை. சிலுவைராஜ், நான், லாரி டிரைவர் ஒருவர் என்று மூவர் நிரந்தரம், நாலாவது ஆளாகப் புதிதாக ஒருவர் வருவார். அவர் எப்படி யோசிக்கிறார் என்று இரண்டு மூன்று ஆட்டத்தில் கண்டுபிடித்து, அவரிடம் எப்படி ஆட வேண்டும் என்று சிலுவைராஜிடம் சொல்வேன். கிடைப்பதில் எனக்கு நாலில் ஒரு பங்கு, அறைக்கு வாடகை இல்லை.

உதாரணம் சொல்கிறேன். சின்னமுத்து என்று எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும் ஆள் ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுவதும் கங்காணி போட்ட சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர். அவரிடம் பந்தயம்கூட ஏற்ற வேண்டாம், குரலை ஏற்றினால் போதும் என்று சொன்னேன். சிலுவைராஜ் "என்னலே, வைக்கியா இல்லையா?" என்று ஒரு அதட்டல் போட்டார். சின்னமுத்து உடனே சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தோம். மூன்று ஆஸ் இருந்தது, லேசில் தோற்காத கை. சிலுவைராஜ் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1973 ஆகஸ்ட் மாதம் ஆறுச்சாமி வந்தார். சித்தூருக்குக் கிழக்கே மேட்டாங்காட்டு விவசாயி. மூன்று வருடம் மழை இல்லாமல் போனதால் அங்கே இருந்த நிலத்தை விற்று, மனைவியின் இரண்டு எருமைகளையும் விற்று, வண்டன்மேட்டிலிருந்து நாலு மைல் தள்ளி இந்த ஐந்து ஏக்கரை வாங்கியிருந்தார். தோட்டத்துக்குள்ளேயே ஓலைக்கொட்டகை போட்டுக்கொண்டு இருவரும் குடியிருந்தார்கள். ஏலக்காய் விலை விசாரிக்கக் கிடங்குக்கு வந்தவரைச் சிலுவைராஜ் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். மெதுவாகப் பேசுவார். சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

முதல் மூன்று ஞாயிறும் சிலுவைராஜ் அவரிடம் தோற்றார். காரணம் வேடிக்கையானது. சிலுவைராஜ் கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயத்தை ஏற்றுவார், பழகியவனாக இருந்தால் பயந்து இறங்கியிருப்பான், ஆறுச்சாமி இறங்கமாட்டார். ஏழாம் நம்பர் சீட்டு ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்று சீட்டைக் காட்டி ஜெயிப்பார். பந்தயம் ஏறினால் எதிராளி கையில் பெரிய சீட்டு இருக்கலாம் என்று நினைக்கத் தெரிந்தால்தானே பயம் வரும்? அவர் தன் சீட்டை மட்டும் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் சிலுவைராஜ் என்னிடம், "என்ன வே ஐயரே, நானும் மிரட்டிப் பாக்கேன், எருமைமாடு மாதிரி அசையமாட்டேங்கானே. இவனுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டார்.

நான் அவரிடம், "அவனை மிரட்டப்படாது. பயந்து இறங்கற ஆள் இல்லை அவன், மானத்தால நிக்கறான்" என்று சொன்னேன். சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கணக்குப் பாடத்தில் யாருக்கும் வராத விடை எனக்கு வந்ததுபோல இருந்தது.

சித்தூர்ப் பக்கம் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் அங்கே மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவரும் விற்பவரும் வாயால் விலை பேசமாட்டார்கள். ஒரு துண்டைப் போட்டு அதற்குள் இருவரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். விரலைப் பிடித்து அழுத்துவதில் விலை இருக்கிறது. சம்மதமானால் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்குவார்கள். அதற்குப் பெயர் கை கொடுப்பது. கை கொடுத்த பிறகு அடுத்த நிமிடமே வேறொருவன் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வந்தாலும் மாட்டை மாற்றிக் கொடுக்கமாட்டார்கள். பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவனோடு அந்தச் சந்தையில் யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள், அவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். ஆறுச்சாமி பந்தயம் வைத்தபோதெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வைத்தது வைத்ததுதான் என்று நினைத்தார். இறங்குவது ஆட்டத்தில் உள்ள ஒரு வழி என்று அவர் புத்திக்கு எட்டவில்லை, அது சொல் மாறுவது என்று நினைத்தார்.

எனவே சிலுவைராஜிடம் மூன்று விஷயம் சொன்னேன். கையில் நிஜமாகவே பெரிய சீட்டு வரும்வரை சும்மா இருக்க வேண்டும். வந்தால் ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இது இரண்டும் எந்த ஆட்டக்காரனும் செய்வதுதான். மூன்றாவதாகச் சொன்னதுதான் குற்றம் என்று நினைக்கிறேன். பெரிய பந்தயத்தை வாயால் சொல்லாமல் துண்டுக்குள் கையைப் பிடித்துச் சொல்லுங்கள் என்றேன். துரைமார் ஆட்டத்தில் துண்டும் கிடையாது, கையும் கிடையாது. அதைச் சேர்த்தது நான். துண்டும் என்னுடையதுதான்.

அடுத்த ஞாயிறு சிலுவைராஜ், "உங்க ஊர் வழக்கப்படியே ஆடுவோம் மச்சான்" என்று சொல்லித் துண்டை விரித்தார். ஆறுச்சாமியின் முகம் மலர்ந்துவிட்டது. ஊர் விட்டு வந்த இடத்தில் தன் ஊர் மரியாதையை யாரோ தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். என்னைப் பார்த்து, "சாமிக்கும் இது தெரியுமுங்களா?" என்று கேட்டார். சித்தூர்ப் பக்கம் இருந்திருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் தனியாக ஒரு மரியாதை வைத்தார். தோட்டத்திலிருந்து வரும்போது எனக்கென்று நாரத்தங்காய் கொண்டுவருவார். அதை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் மாதம் முழுவதும் சிறிய ஆட்டங்களாகவே போயின. 14.10.1973 ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஆறுச்சாமி, சிலுவைராஜ், நான், லாரி டிரைவர் சூசையப்பன் ஆகிய நால்வர். மூன்றரை மணி சுமாருக்கு சூசையப்பன் சீட்டுப் போட்டார். எனக்கு வந்தது உதவாததால் முதலிலேயே இறங்கினேன். அதன் பிறகு சூசையப்பனும் இறங்கி, வாசற்படியில் நின்று பீடி பற்றவைத்தார். ஆறுச்சாமி இரண்டு சீட்டு மாற்றினார், சிலுவைராஜ் ஒன்று மாற்றினார். ஆறுச்சாமியிடம் மூன்று ஒன்பது இருந்தது. சிலுவைராஜிடம் மூன்று ராணியும் இரண்டு நாலும் இருந்தது. இது பின்னால் தெரிந்தது. ஆனால் சிலுவைராஜ் கட்டைவிரலை நாக்கில் வைக்க மறந்துவிட்டதைப் பார்த்ததும் பெரிய கை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதன் பிறகு துண்டுக்குள் கை பிடித்தார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொன்றும் சிறியதுதான், ஒவ்வொன்றுக்கும் ஆறுச்சாமி கை கொடுத்தார். கையில் கொண்டுவந்தது தீர்ந்தது. அந்தப் பருவத்துக் காய் முழுவதையும் வைத்தார், அதற்கும் கை கொடுத்தார். அதன் பிறகு சிலுவைராஜ் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, "ஏக்கரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எதிர்ப்பக்கம் தன் கிடங்கை வைப்பதாகவும் சொன்னார். துண்டு அசையாமல் இருந்தது.

அப்போது ஆறுச்சாமி துண்டுக்குள் இருந்து கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சாமி, இதுல எறங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

இதுவரை யாரும் இதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆறுச்சாமி சொல்லமாட்டார், சிலுவைராஜ் சொல்லமாட்டார், சூசையப்பன் வாசலில் மழைச் சத்தத்தில் நின்றதால் அவருக்குக் கேட்டிருக்காது. ஆறுச்சாமி யோசித்தார். நின்று, யோசித்து, ஆட்டம் தெரிந்தவன் என்று நம்பி என்னைக் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்பதுதான் அந்த ஆட்டத்தின் முதல் விதி. சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான், "கை குடுத்தப்பறமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. வெட்கப்பட்டார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர்போல, "இல்லீங்க, சும்மா கேட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு சிலுவைராஜின் கையை இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். சீட்டைக் காட்டினார்கள், சிலுவைராஜின் கைதான் பெரியது. ஆறுச்சாமி சிலுவைராஜின் சீட்டை வெகுநேரம் பார்த்தார். எழுந்து துண்டை உதறி மடித்து என்னிடம் கொடுத்தார். அது அவர் கை வேர்வையில் நனைந்திருந்தது. மழை விடட்டும் என்று சிலுவைராஜ் சொன்னார். ஆறுச்சாமி மழையிலேயே போனார். நான் அந்தத் துண்டை அடுப்பில் போட்டேன், ஈரத்தில் சரியாக எரியாமல் அறை முழுக்கப் புகைந்தது.

17.10.1973 புதன்கிழமை பத்திரம் எழுதப்பட்டது. எழுதியவன் நான். ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது சிலுவைராஜ், அதற்கு ஏற்ற வாசகம் கொடுத்தது நான். பதிவு அதிகாரி ஆறுச்சாமியிடம் பணம் வந்துவிட்டதா என்று கேட்டார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்துட்டுதுங்க" என்றார். அதற்கு முன்பு அவர் பொய் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, வார்த்தை அவர் வாயிலிருந்து அவ்வளவு சிரமப்பட்டு வந்தது. அதன் பிறகு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் சிலுவைராஜ் எனக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ கொடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறேன், இந்த நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது போலீஸ் விசாரணையில் உள்ளதுதான். கொட்டகையைக் காலிசெய்ய ஒன்றரை மாதம் தவணை கொடுத்தார்கள். ஆறுச்சாமி பாத்திரம் பண்டங்களைக் கட்டிவைத்துவிட்டார். பூவாத்தாள் நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். 2.12.1973 ஞாயிற்றுக்கிழமை காலை சிலுவைராஜ் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு காய் எடுக்கப் போனார். பத்திரத்தைப் படித்துக் காட்டுவதற்காக நானும் போனேன். ஏலச்சரத்தில் முற்றின காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். அவர்கள் பிஞ்சும் பூவுமாகச் சரத்தோடு உருவினார்கள், செடியை மிதித்துக்கொண்டு போனார்கள். ஆறுச்சாமி பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூவாத்தாள் ஓடிப்போய் ஒருவனுடைய கூடையைப் பிடித்து இழுத்தாள். அவன் தள்ளியதில் வரப்புக் கல்லில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. தள்ளியவன் பெயர் எனக்குத் தெரியாது, ஆளைக் காட்டினால் அடையாளம் சொல்வேன். நான் கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன், அவளைத் தூக்கப் போகவில்லை.

9.12.1973 அன்று பூவாத்தாள் என் அறைக்கு வந்தாள். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றுகொண்டே பேசினாள். "சீட்டுல தோத்துப்போட்டாருன்னு டிரைவரு சொன்னாருங்க. எங்கூட்டுக்காரரு எங்கிட்ட, வாக்குக் குடுத்துப்போட்டேன், குடுத்தது குடுத்ததுதான்னு சொல்றாரு. அதுக்கு மேல பேசமாட்டேங்கறாருங்க. நா ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. ஒரு கன்னுக்குட்டி வாங்கறதுன்னாலும் பல்லப் பாத்து, வாலத் தூக்கிப் பாத்து, மூணு தடவ ஊட்டுக்கு வந்து எங்கிட்டப் பேசிப்போட்டுத்தான் கை குடுப்பாருங்க. அன்னைக்கு ஏனுங்க யோசிக்காமப் போயிட்டாரு? நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கோபம் வரவில்லை. அவள் துப்பியது சரியான இடத்தில்தான் என்று தோன்றியது. எனக்கே என்மேல் அப்படித்தான் துப்பத் தோன்றியது.

12.12.1973 காலை நான் ஆறுச்சாமியைப் பார்க்கப் போனேன். கொட்டகைக்கு வெளியே தனியாக உட்கார்ந்து காய்க்கூடைக்குப் புதிதாகப் பிரம்பு மாற்றிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் நின்றபடியே சொன்னேன். துண்டு அந்த ஆட்டத்தில் இல்லை, நான் சேர்த்தது என்றேன். எந்த நேரத்திலும் இறங்கலாம் என்பதுதான் விதி என்றேன். அன்றைக்கு அவர் கேட்டபோது அது எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் உட்கார்ந்து பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப எறங்கியிருக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

கோர்ட்டில் வந்து இதையெல்லாம் சொன்னால் பத்திரம் நிற்காது, தோட்டம் திரும்பக் கிடைக்கும், நானும் வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பிறகு, "சாமி, இத அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார். "வாக்குக் குடுத்து வாக்கக் காப்பாத்திப்போட்டான்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கறா. கை ஒடிஞ்சும் அதுக்காவ என்னய ஒரு வார்த்த வையலீங்க. சோறு போடறா. ஏமாந்துபோட்டு வந்து நிக்கறேன்னு தெரிஞ்சா நா அவ மூஞ்சியில முழிக்கறது எப்புடீங்க?"

சொல்லமாட்டேன் என்றேன். அவர் கையை நீட்டினார். நான் கை கொடுத்தேன்.

இந்த மாதம் 11-ஆம் தேதி சிலுவைராஜ் என்னைக் கூப்பிட்டு, "போடியில ஒரு கடை வச்சுத் தாரேன், போடிமெட்டு வழியா இறங்கி ஊரைப் பாத்துப் போயிரும் வே. அவனே வாங்கிட்டேங்கான், உமக்கு என்ன நோவுது?" என்றார். வெற்றிலை போட்ட வாயோடு என் தோளில் கையைப் போட்டார். கையை எடுத்துவிட்டேன். மறுநாள் இந்த நீதிமன்றத்துக்கு மனுக் கொடுத்தேன்.

மாஜிஸ்திரேட் கேட்ட கேள்விக்குச் சொல்வது: எனக்கும் சிலுவைராஜுக்கும் பங்குத் தகராறு எதுவும் இல்லை. ஆறுச்சாமியோ பூவாத்தாளோ என்னை இதைச் சொல்லும்படி கேட்கவில்லை. ஆறுச்சாமி சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார், நானும் ஒப்புக்கொண்டேன், அதை மீறித்தான் சொல்கிறேன். இதனால் அவர்களுக்குத் தோட்டம் கிடைக்கும் என்று நம்புகிறேன். ஆறுச்சாமிக்கு அதைத் தவிர மிச்சம் இருந்ததையும் இதே வாயால் எடுக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை, எல்லாம் நடந்தது நடந்தபடி. எழுதி முடித்ததும் இதைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். சம்மன் வந்து ஆறுச்சாமியும் பூவாத்தாளும் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கே எழுத்துத் தெரியும், நானே வாய்க்குள் படித்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். முறைப்படி சத்தமாகத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படிக்கப்பட்டது. சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) து. ராஜாராமன்